கார் ஷெட்டில் பிறந்த தேவதை

'தெருமுனைக் குரல்கள்' தொடரிலிருந்து மூன்று வாரங்கள்

1

பக்கத்து வீட்டு நாய் மறுபடியும் குரைத்தது. பாட்டு பாதியில் நின்றது.

டெட் பிரின்சன் வெளியே போய் நாயை அதட்டி அடக்கிவிட்டு வந்தார். டேப்பைப் பின்னுக்குச் சுற்றினார். நான்கு இளைஞர்களும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி மைக் முன்னால் நின்றார்கள்.

1954ஆம் ஆண்டு, கோடை முடியும் நேரம். லாஸ் ஏஞ்சலஸ் நகரம், மேற்கு 30ஆம் தெரு. ஸ்டுடியோ என்று சொல்லிக்கொள்ள அங்கே எதுவுமில்லை. பிரின்சன் வீட்டுக் கார் ஷெட்தான் ஸ்டுடியோ. பெரிய ஜாஸ் குழுக்களில் பாஸ் வாசித்த மனிதர் அவர். ஓர் ஆம்பெக்ஸ் டேப் இயந்திரத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, பெரிய ஸ்டுடியோவுக்குப் போக வசதியில்லாதவர்களுக்குப் பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒற்றை டிராக் இயந்திரம். பாடுகிறவர், பின்குரல்காரர்கள், பியானோ, பாஸ், டிரம் என எல்லாமே ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாய் குரைத்தாலும் அதே கதிதான்.

டிரம் இன்னொரு தலைவலி. அந்தச் சின்ன இடத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் நாலு பேர் குரலும் அதில் காணாமல் போய்விடும். தலையணைகளைக் கொண்டுவந்து டிரம்மின் மேல் வைத்து அமுக்கினார்கள். அந்தப் பதிவை இன்று ஹெட்போனில் போட்டுக் கேட்டாலும் தெரியும். தாளம் அடுத்த அறையிலிருந்து வருகிற மாதிரி மங்கலாக இருக்கும். குரல் மட்டும் காதுக்குப் பக்கத்தில் நிற்கும். இப்படி ஓர் ஒலி வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை. இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

பாட்டின் பெயர் 'எர்த் ஏஞ்சல்'. மண்ணில் நடமாடும் ஒரு தேவதையைப் பார்த்து, என்னை ஏற்றுக்கொள் என்று ஒரு விடலைப் பையன் கெஞ்சுகிறான். கதை என்று அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் இந்த மூன்று நிமிடத்துக்காக ஒரு கம்பெனியும் இன்னொரு கம்பெனியும் முட்டிக்கொண்டன. நண்பர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். ஒரு குழு உச்சிக்குப் போனது, இன்னொரு குழு கரைந்தது. வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் அந்த நால்வர். கிளீவ்லாண்ட் டங்கன், கர்ட்டிஸ் வில்லியம்ஸ், டெக்ஸ்டர் டிஸ்பி, புரூஸ் டேட். ஃபிரீமாண்ட் உயர்நிலைப் பள்ளி வட்டத்துப் பையன்கள். பள்ளிக்கூட வாசனை இன்னும் போகாத வயது. அமெரிக்கக் கறுப்பினக் குடியிருப்புகளில் அன்று வாத்தியம் வாங்கக் காசு இருந்தவர்கள் குறைவு. குரல் எல்லோரிடமும் இருந்தது. நியூயார்க், பால்டிமோர், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் என்று எந்த ஊரானாலும் மாலையில் தெருமுனையில் நாலைந்து பேர் கூடி நிற்பார்கள். ஒருவர் மேல் ஸ்தாயியில் காதலைச் சொல்வார். ஒருவர் அடித்தொண்டையில் 'டூம் டூம்' என்று பாஸ் வாத்தியத்தின் வேலையைப் பார்ப்பார். மற்றவர்கள் 'ஊ... வா...' என்று இடைவெளியை நிரப்புவார்கள். எதிரொலி வேண்டுமென்றால் மாடிப்படிக்கு அடியில் போவார்கள், இல்லையென்றால் பள்ளிக் கழிப்பறைக்கு. இந்த இசைக்குத்தான் பிற்பாடு டூ-வாப் என்று பெயர் விழுந்தது.

குழுக்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது அன்றைய மோகம். ரேவன்ஸ், ஓரியோல்ஸ், ஸ்வாலோஸ், குரோஸ், ஃபிளமிங்கோஸ் என்று வானமே நிறைந்து கிடந்தது. நம் பையன்கள் கூல் சிகரெட் விளம்பரத்தில் வரும் பெங்குவினைப் பார்த்து 'பெங்குவின்ஸ்' என்று வைத்துக்கொண்டார்கள். போயும் போயும் பறக்கத் தெரியாத பறவையா என்று கேட்காதீர்கள்.

அடுத்தது முதலாளி. வால்டர் வில்லியம்ஸ் என்றால் யாருக்கும் தெரியாது. டூட்சி வில்லியம்ஸ் என்றால் லாஸ் ஏஞ்சலஸ் இசை வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அலபாமாவில் பிறந்து, டிரம்பெட் வாசித்து, சொந்தமாக ஒரு பேண்ட் நடத்திப் பார்த்து, கடைசியில் 'டூடோன்' என்ற இசைத்தட்டுக் கம்பெனியை ஆரம்பித்தவர். ஒரு கறுப்பினத்தவர் தன் கைக்காசில் நடத்திய கம்பெனி. பெரிய கம்பெனிகளோடு ஒப்பிட்டால் கையடக்கக் கடை. ஒவ்வொரு டாலரையும் எண்ணித்தான் செலவழிக்க முடியும். அதனால்தான் கார் ஷெட்.

டூட்சியின் கணக்கில் அன்று பதிவானது பாட்டே இல்லை. வெறும் மாதிரி. இதைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு நல்ல வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் இசை சேர்த்து, மெருகேற்றி வெளியிட வேண்டும் என்பது திட்டம். அதுவும் அவர் நம்பியது 'எர்த் ஏஞ்சல்' மேல் அல்ல. இசைத்தட்டின் முன்பக்கத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது 'ஹே சென்யோரிட்டா' என்ற துள்ளல் பாட்டு. ஆட்டம் போட வைக்கும், விற்கும் என்பது அவர் கணிப்பு. மெதுவாக நகரும் காதல் பாட்டைப் பின்பக்கத்தில் போட்டார். பின்பக்கம் என்றால் சும்மா இடம் நிரப்ப.

மாதிரித் தட்டை எடுத்துக்கொண்டு அவர் போன இடம் 'டால்ஃபின்ஸ் ஆஃப் ஹாலிவுட்'. பெயரில்தான் ஹாலிவுட். கறுப்பினத்தவருக்கு ஹாலிவுட்டில் கடை போட இடம் தரமாட்டார்கள் என்று தெரிந்த ஜான் டால்ஃபின், நான் ஹாலிவுட்டையே இங்கே கொண்டுவருகிறேன் என்று சென்ட்ரல் அவென்யூ பக்கம் கடையைத் திறந்து அந்தப் பெயரைச் சூட்டினார். இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் இசைத்தட்டுக் கடை. வாசலைப் பார்த்த கண்ணாடி ஜன்னலுக்குள் ஒரு வானொலி அறிவிப்பாளர் உட்கார்ந்து நேரடியாக ஒலிபரப்புவார். ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், பாட்டுப் பிடித்திருந்தால் உள்ளே வந்து அதே தட்டை வாங்குவார்கள். என்ன வியாபார மூளை பாருங்கள்!

அந்த இரவு கண்ணாடிக்குள் இருந்தவர் டிக் ஹக். ரசிகர்களுக்கு 'ஹக்கி பாய்'. வெள்ளையர், ஆனால் கறுப்பின இசையில் ஊறியவர். டூட்சி மாதிரித் தட்டைக் கொடுத்தார். ஹக்கி பாய் அதை வாங்கிச் சுழலவிட்டார். முன்பக்கத்தைப் போட்டார். முடிந்ததும் தட்டைத் திருப்பினார்.

டூட்சி செய்திருந்த திட்டமெல்லாம் மறுநாள் காலையில் தவிடுபொடி ஆகப்போகிறது என்று அவருக்குத் தெரியாது.

(தொடரும்)

2

தொலைபேசி ஓயவில்லை. அந்தப் பாட்டு எங்கே கிடைக்கும்? யார் பாடியது? எப்போது வரும்? எல்லோரும் கேட்டது பின்பக்கத்தை.

டூட்சி ஒரு நல்ல முடிவெடுத்தார். அவருடைய வாழ்க்கையிலேயே அதுதான் மிகச் சிறந்த முடிவு என்பேன். மெருகேற்றும் யோசனையைத் தூக்கிப் போட்டார். வாத்தியக்காரர்களும் வேண்டாம், மறுபதிவும் வேண்டாம். கார் ஷெட்டில் எப்படிப் பதிவானதோ, அப்படியே தலையணைத் தாளத்தோடு அச்சுக்குப் போனது.

ஆர்டர் குவிந்தது. டூடோன் இவ்வளவு பெரிய விற்பனையைப் பார்த்ததில்லை. தட்டின் நடுவில் ஒட்டும் லேபிளுக்குக் காகிதம் தீர்ந்துபோனது. கிடைத்த நிறக் காகிதத்தை வாங்கி ஒட்டி அனுப்பினார்கள். அதனால் அதே பாட்டு வெவ்வேறு நிற லேபிளோடு ஊர் ஊராகப் போனது. இன்றைக்கு எந்த நிறம் முதலில் வந்தது என்று இசைத்தட்டு சேகரிப்பவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதற்கு அன்றைய காகிதத் தட்டுப்பாடுதான் காரணம்.

ஆண்டு முடிவதற்குள் பாட்டு கலிபோர்னியாவைத் தாண்டிவிட்டது. 1955 ஜனவரியில் பில்போர்டு பத்திரிகையின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம். மூன்று வாரம் அங்கேயே இருந்தது. அந்தப் பட்டியலின் பெயரைக் கவனிக்க வேண்டும். கறுப்பினத்தவர் வாங்கும் இசைக்கென்று தனிப் பட்டியல் அது. 1949 வரை அதற்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்றே வெளிப்படையாகப் பெயர் இருந்தது. வெள்ளையர் வாங்கும் பாட்டுக்குப் 'பாப்' பட்டியல். இரண்டுக்கும் நடுவில் சுவர். 'எர்த் ஏஞ்சல்' அந்தச் சுவரை ஏறிக் குதித்தது. பாப் பட்டியலிலும் எட்டாம் இடம்வரை போனது. ஊர்பேர் தெரியாத கம்பெனி, நாலு கறுப்பினப் பையன்கள், கார் ஷெட் பதிவு. அன்றைய நிலைமையில் இது அதிசயம்.

அதிசயத்துக்குப் போட்டி வராமல் இருக்குமா?

வந்தது. 'குரூ கட்ஸ்' என்று நான்கு பேர். கனடாவின் டொரான்டோவில் தேவாலயப் பாடகர் பள்ளியில் சேர்ந்து பாடிய வெள்ளை இளைஞர்கள். ஒட்ட வெட்டிய தலைமுடி, அதுவே குழுவின் பெயர். மெர்க்குரி என்ற பெரிய கம்பெனியின் செல்லப்பிள்ளைகள். 1954 கோடையில் 'கார்ட்ஸ்' என்ற கறுப்பினக் குழு பாடிய 'ஷ்-பூம்' பாட்டை இவர்கள் மறுபடி பாடி, பாப் பட்டியலில் வாரக்கணக்கில் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதே வித்தையை இப்போது 'எர்த் ஏஞ்சல்' மேல் காட்டினார்கள். கறுப்பினத்தவர் தட்டைப் போடத் தயங்கிய வானொலிகள் இந்தச் சுத்தமான, சவரம் செய்த பதிப்பைத் தயங்காமல் போட்டன. குரூ கட்ஸ் பாப் பட்டியலில் மூன்றாம் இடத்துக்குப் போனார்கள். அசலைப் பாடியவர்கள் எட்டாம் இடத்தோடு நிற்க வேண்டியிருந்தது. குளோரியா மான் என்ற பாடகியும் தன் பங்குக்கு ஒரு பதிப்பை விட்டார்.

இது திருட்டு இல்லையா என்று கேட்கலாம். சட்டப்படி இல்லை. அன்று அமலில் இருந்த 1909ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் இப்படி: ஒரு பாட்டு ஒரு முறை தட்டில் வந்துவிட்டால், வேறு யார் வேண்டுமானாலும் அதைப் பாடி வெளியிடலாம். ஒரு தட்டுக்கு இரண்டு சென்ட் வீதம் பாட்டின் உரிமையாளருக்குக் கட்டினால் போதும். அந்த இரண்டு சென்ட்டைப் பாடல் பதிப்பாளரும் எழுதியவரும் பங்குபோட்டுக்கொள்வார்கள். முதலில் பாடியவருக்கு? ஒன்றுமில்லை. அவருடைய குரல், குழைவு, மூச்சுவிட்ட இடம் எதற்கும் சட்டத்தில் விலை கிடையாது. ஒலிப்பதிவுக்கே மத்தியச் சட்டப் பாதுகாப்பு 1972இல்தான் வந்தது.

இதன் விளைவைக் கவனியுங்கள். பாட்டின் பதிப்புரிமை டூட்சியிடம் இருந்தது. குரூ கட்ஸ் விற்கும் ஒவ்வொரு தட்டும் அவருக்குச் சில்லறை கொண்டுவரும். போட்டியால் நஷ்டப்பட்டவர்கள் பாடிய பையன்கள் மட்டும்தான். அதனால் 'எழுதியது யார்' என்ற கேள்வியின் விலை என்ன என்பதும் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் கையில் வைத்திருங்கள்.

பெங்குவின்ஸ் டூட்சியிடம் போய் முன்பணம் கேட்டார்கள். நாடு முழுக்கப் பாட்டு ஒலிக்கிறது, எங்கள் பையில் காசில்லை என்றார்கள். டூட்சி மறுத்துவிட்டார். கணக்கு முடியட்டும் என்பது அவர் கட்சி. கடைக்காரர்களிடமிருந்து பணம் வசூலாவதற்கே மாதக்கணக்காகும் தொழில் அது, அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் இருபது வயதுக்கு அதெல்லாம் புரியுமா? பையன்கள் கோபித்துக்கொண்டு புது மேலாளரைத் தேடினார்கள்.

கிடைத்தவர் பக் ராம். இந்தக் கதையின் சாணக்கியர். பாட்டு எழுதுவார், இசை அமைப்பார், ஒப்பந்தம் பேசுவார். அவர் கையில் ஏற்கெனவே ஒரு குழு இருந்தது. வேறொரு கம்பெனியில் தட்டுப் போட்டுப் பார்த்தும் எடுபடாத குழு. பக் ராமுக்கு மட்டும் அவர்கள் மேல் அபார நம்பிக்கை. எந்தப் பெரிய கம்பெனியும் அவர்களைச் சீண்டவில்லை.

பெங்குவின்ஸ் தன்னிடம் வந்ததும் பக் ராம் நேராக மெர்க்குரிக்குப் போனார். ஆமாம், அதே மெர்க்குரி. குரூ கட்ஸை வைத்து இவர்கள் பாட்டை இவர்களுக்கே எதிராக விற்ற கம்பெனி. மெர்க்குரிக்குப் பெங்குவின்ஸ் வேண்டும். அசல் ஆட்கள் கிடைத்தால் கசக்குமா? பக் ராம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பெங்குவின்ஸ் வேண்டுமென்றால் என்னுடைய அந்த இன்னொரு குழுவையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஆடித் தள்ளுபடியில் புடவையோடு ரவிக்கைத் துணி மாதிரி. மெர்க்குரிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த ரவிக்கைத் துணியின் பெயர் 'பிளாட்டர்ஸ்'.

1955லேயே 'ஒன்லி யூ' வெளிவந்து பாப் பட்டியலில் ஐந்தாம் இடம்வரை போனது. 1956 தொடக்கத்தில் 'தி கிரேட் பிரிட்டெண்டர்' முதலிடம். இரண்டும் பக் ராம் எழுதியவை. அடுத்து 'மை பிரேயர்', அதுவும் முதலிடம். டோனி வில்லியம்ஸின் குரல் உலகமெங்கும் போனது. 1950களின் மிகப் பெரிய குரலிசைக் குழு பிளாட்டர்ஸ்தான் என்று சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் குறைவு.

பெங்குவின்ஸ்? மெர்க்குரியில் தட்டுக்கு மேல் தட்டுப் போட்டார்கள். ஒன்றும் ஏறவில்லை. நல்ல ஸ்டுடியோ, நல்ல வாத்தியக்காரர்கள், நாய்த் தொல்லை இல்லை. 'எர்த் ஏஞ்சல்' பாட்டையே அங்கே மறுபடி பதிவு செய்தும் பார்த்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டூட்சி ஒரு காலத்தில் செய்ய நினைத்த மெருகு இதுதான். தப்பித்தார் மனிதர்! பிறகு அட்லாண்டிக் கம்பெனிக்குப் போனார்கள். கடைசியில் சுற்றிச் சுற்றி டூட்சியிடமே திரும்பி வந்தார்கள்.

எனக்கு இதில் ஒரு துணிபு உண்டு. டங்கனின் குரல் அசல் பதிவில் உச்சத்தைத் தொடும்போது லேசாகத் திணறும். பின்குரல்கள் ஓரிடத்தில் சரியாக ஒட்டாமல் நிற்கும். கெஞ்சுகிற பையனுக்கு அந்தத் திணறல் வேண்டும். குரூ கட்ஸின் பதிப்பில் பிசிறே இல்லை. அந்தப் பையன் மறுக்கப்படுவோம் என்று பயப்படவே இல்லை. பயப்படாதவன் எதற்குக் கெஞ்ச வேண்டும்?

சரி, கையில் வைத்திருக்கச் சொன்ன கேள்விக்கு வருவோம். இசைத்தட்டின் லேபிளில் பாட்டை எழுதியவர் என்று ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: கர்ட்டிஸ் வில்லியம்ஸ், பெங்குவின்ஸ் குழுவின் பாஸ் குரல்.

அதே நகரத்தில் இரண்டு பேர் அந்த லேபிளைப் படித்துவிட்டுக் கொதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், இலவச இணைப்பாகப் போய் உச்சியைத் தொட்ட அந்தப் பிளாட்டர்ஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர்!

(தொடரும்)

3

கேனல் ஹாட்ஜ் என்பது அவர் பெயர். பிளாட்டர்ஸ் தெருமுனைக் குழுவாக முளைத்தபோது அதில் இருந்தவர். புகழ் வருமுன்பே விலகியவர். 'ஹாலிவுட் ஃபிளேம்ஸ்' என்ற குழுவிலும் கர்ட்டிஸ் வில்லியம்ஸோடு தோளோடு தோள் நின்று பாடியவர். லாஸ் ஏஞ்சலஸ் டூ-வாப் உலகம் அவ்வளவு சின்னது. இந்தக் குழுவில் காலையில் பாடியவர் அந்தக் குழுவில் மாலையில் பாடுவார். ஒருவர் முனகிய மெட்டு இன்னொருவர் வாயில் போய் உட்காரும்.

இன்னொருவர் ஜெஸ்ஸி பெல்வின். டெக்சாஸில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸில் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். அந்த வட்டாரத்தின் மேதை. நடந்துகொண்டே பாட்டுக் கட்டுவார். கட்டிய பாட்டை, கையில் கிடைக்கும் காசுக்கு, பெயரையும் சேர்த்து விற்றுவிடுவார். அவருடைய பாட்டுகளில் பல இன்றும் வேறு பெயர்களில் உலவுகின்றன.

வழக்கு நீதிமன்றம் போனது. எழுதியது யார்?

நேர்மையாகச் சொன்னால் இந்தக் கேள்விக்கு ஒரே விடை இருக்க முடியாது. பாட்டைப் பிரித்துப் பாருங்கள். ஆரம்பத்து பியானோ, ஹாலிவுட் ஃபிளேம்ஸ் பாடிய 'ஐ நோ' பாட்டின் ஆரம்பம். காதலியைக் கூப்பிடும் தோரணையில் 'ட்ரீம் கேர்ள்' தெரிகிறது. அது பெல்வினும் மார்வின் ஃபிலிப்ஸும் 'ஜெஸ்ஸி அண்ட் மார்வின்' என்ற பெயரில் பாடி 1953இல் பெயர் வாங்கிய பாட்டு. அடியில் ஓடும் நான்கு கார்டுகளோ, அதாவது சுரக்கூட்டுகளோ, ஊர்ச்சொத்து. 1934இல் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைத்த 'ப்ளூ மூன்' காலத்திலிருந்து அந்த நான்கு கார்டுகளைச் சுற்றிச் சுற்றித்தான் டூ-வாப் மெதுப்பாட்டில் பெரும்பாதி பின்னப்பட்டது. பாடத் தெரிந்த எந்தப் பையனும் எந்தத் தெருமுனையிலும் நுழைந்து சேர்ந்துகொள்ளலாம். எவருடைய வரி எங்கே முடிந்து எவருடையது எங்கே தொடங்கியது என்று தெருவிளக்குக் கம்பத்தைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

பெல்வினுக்கும் ஹாட்ஜுக்கும் பாட்டில் பங்கு உண்டு என்று தீர்ப்பு வந்தது. இன்று 'எர்த் ஏஞ்சல்' என்ற தலைப்பின் கீழ் மூன்று பெயர்கள் இருக்கின்றன: பெல்வின், ஹாட்ஜ், வில்லியம்ஸ். பதிப்புரிமை டூட்சியிடமே தங்கியது. கடைசியில் ஜெயித்தது கம்பெனி வைத்திருந்தவர்தான்.

பெல்வின் அதன் பிறகு வேகமாக வளர்ந்தார். பெரிய கம்பெனியான ஆர்.சி.ஏ. அவரை எடுத்துக்கொண்டது. 1959இல் 'கெஸ் ஹூ' என்ற பாட்டு. எழுதியவர் அவர் மனைவி ஜோ ஆன். பெரிய நட்சத்திரம் ஆகிவிடுவார் என்று பேசிக்கொண்டார்கள். 1960 பிப்ரவரியில் ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக் நகரில் கச்சேரி. இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னால், ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் கொண்டுசேர்க்க ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்த அதே லிட்டில் ராக். கச்சேரி முடிந்து புறப்பட்ட கார் ஹோப் என்ற ஊருக்கு அருகே நேருக்கு நேர் மோதியது. பெல்வினுக்கு 27 வயது. ஜோ ஆனும் காயத்தால் இறந்தார். காரில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்ற பேச்சு அன்றே கிளம்பியது. அது பேச்சாகவே நிற்கிறது.

ஹக்கி பாய் பாட்டைப் போட்ட அந்தக் கடை? ஜான் டால்ஃபினை 1958இல் அவருடைய அலுவலகத்திலேயே ஒருவர் சுட்டுக் கொன்றார். பணம் வரவில்லை என்று கோபத்தோடு வந்த ஒரு பாடலாசிரியர். இந்த இசையைத் தேன் மாதிரி இனிமையானது என்கிறார்களே, அதைச் சுற்றியிருந்த வியாபாரம் அப்படி இல்லை.

இதற்குள் ராக் அண்ட் ரோல் வந்து டூ-வாப்பைப் பழசாக்கிவிட்டிருந்தது. பத்தே ஆண்டில் பீட்டில்ஸ். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியாததற்கு ஒரு காரணம் ஆர்ட் லபோ என்ற வானொலிக்காரர். லாஸ் ஏஞ்சலஸ் நகர எல்லைக்குள் பதின்வயதினருக்கு நடன விழா நடத்த ஆயிரம் கட்டுப்பாடு. எல்லைக்கு வெளியே எல் மான்ட்டி என்ற ஊரில் லீஜியன் ஸ்டேடியம் இருந்தது. அவர் அங்கே போனார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளும் ஒரே தளத்தில் ஆடினார்கள். குறிப்பாக மெக்சிகோ வம்சாவளியினர் இந்தப் பழைய மெதுப்பாட்டுகளைக் குடும்பச் சொத்தாக எடுத்துக்கொண்டார்கள். அம்மா கேட்டதைப் பிள்ளையும் கேட்டான். ஆர்ட் லபோ 2022இல் 97 வயதில் சாகும்வரை வானொலியில் இருந்தார். சிறையில் இருக்கும் கணவனுக்காக மனைவியும், அப்பாவுக்காகக் குழந்தையும் தொலைபேசியில் கூப்பிட்டுப் பழைய காதல் பாட்டு ஒன்றைக் கேட்பார்கள். இந்தப் பாட்டுகள் ஏன் நிலைத்தன என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்த நிகழ்ச்சியின் ஒலிநாடாக்களை ஒரு மணி நேரம் கேட்டால் போதும்.

1963இல் 'மெமரீஸ் ஆஃப் எல் மான்ட்டி' என்று ஒரு தட்டு வந்தது. பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கும் பாட்டு. பாடியது டங்கனும் அவர் சேர்த்த புதிய பெங்குவின்ஸும். ரே காலின்ஸோடு சேர்ந்து அதை எழுதிய 22 வயதுப் பையன் ஃபிராங்க் ஜாப்பா! பின்னாளில் ராக் இசையின் மகா கிறுக்கன் என்று பேரெடுத்த அதே ஜாப்பா. கிண்டல் செய்யாத பாட்டு அவரிடம் அபூர்வம். டூ-வாப்பை மட்டும் அவர் சாகும்வரை விட்டுக்கொடுக்கவில்லை. எல்விஸ் பிரஸ்லி ஜெர்மனியில் ராணுவத்தில் இருந்த நாட்களில் வீட்டு டேப்பில் 'எர்த் ஏஞ்சல்' பாடிவைத்திருக்கிறார். தட்டுப் போடுவதற்கு இல்லை, தனக்காக.

உலகம் முழுக்க இந்தப் பாட்டை மறுபடி அறிமுகம் செய்தது 1985இல் வந்த 'பேக் டு தி ஃபியூச்சர்'. காலயந்திரத்தில் 1955க்குப் போன பையன், அங்கே பள்ளி நடன விழாவில் தன் அப்பாவும் அம்மாவும் முத்தமிட்டால்தான் தான் பிறக்கவே முடியும் என்ற நெருக்கடியில் கிடார் வாசிக்கிறான். மேடையில் மார்வின் பெரி என்ற பாத்திரம் பாடும் பாட்டு 'எர்த் ஏஞ்சல்'. பையனின் கை மறைந்துகொண்டே வருகிறது, அப்பா இன்னும் தயங்குகிறார். அசல் பாட்டில் கெஞ்சுகிற பையனின் பயம் இந்தக் காட்சிக்கு அச்சாகப் பொருந்துகிறது. அந்தப் பாத்திரத்தில் நடித்துப் பாடியவர் ஹாரி வாட்டர்ஸ். அடுத்த ஆண்டே 'கராத்தே கிட்' இரண்டாம் பாகத்துக்காக 'நியூ எடிஷன்' குழு பாடியது. அதுவும் பட்டியலில் 21ஆம் இடம்வரை போனது.

2004ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைச் சேர்த்தது. அதே ஆண்டுப் பட்டியலில் நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' இருக்கிறது, பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' இருக்கிறது. மாதக்கணக்கில் ஸ்டுடியோவில் அடுக்கடுக்காகக் கட்டிய 'பெட் சவுண்ட்ஸ்' பக்கத்தில், தலையணை வைத்து அமுக்கிய கார் ஷெட் பாட்டு. சேர்ந்தது டூட்சி வெளியிட்ட 1954ஆம் ஆண்டுப் பதிவு. மெர்க்குரியின் மெருகேறியதும் இல்லை, குரூ கட்ஸின் மூன்றாம் இடமும் இல்லை.

கிளீவ் டங்கன் 2012இல் இறந்தார். அதுவரை பழைய பாட்டு மேடைகளில் 'பெங்குவின்ஸ்' என்ற பெயரில் இந்த ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே இருந்தார். கூட நிற்பவர்கள் மாறினார்கள், அவர் மாறவில்லை. டூட்சியோ இசைத்தட்டை விட்டுச் சிரிப்புத் தட்டுப் பக்கம் போனார். ரெட் ஃபாக்ஸ் என்ற நகைச்சுவைக்காரரின் கொச்சைத் துணுக்குகளைத் தட்டாகப் போட்டு நன்றாகவே சம்பாதித்தார்.

அடுத்த வாரம் அமெரிக்காவின் மறுகோடிக்குப் போகிறோம். கனெக்டிகட் மாநிலம், நியூ ஹேவன் நகரம், 1956 பிப்ரவரி. ஃபிரெட் பாரிஸ் என்ற ராணுவச் சிப்பாய், இரவுக் காவல் நேரத்தில் கட்டிய ஒரு பாட்டை வைத்துக்கொண்டு விடுப்பில் வந்திருக்கிறார். ஸ்டுடியோவுக்குக் காசில்லை, கார் ஷெட்டும் இல்லை. சாக்ஸபோன் வாசிக்கும் நண்பருக்கு ஒரு யோசனை. தன் பங்குக் கோயிலான செயின்ட் பெர்னடெட் தேவாலயத்தின் அடித்தளத்தில் இடம் இருக்கிறது, ஃபாதரைக் கேட்டுப் பார்க்கலாமே என்றார்.

(தொடரும்)